கையில்லாத கோட்டு

குரோம்பேட்டையில் பழைய உடுப்புகளைப் பிரித்து வேறு உடுப்பாகத் தைத்துத் தரும் ஒரு அக்காவைப் பார்த்தேன். நைட்டிமேல் துண்டு, அந்தத் துண்டில் வரிசையாகக் குத்திய ஊசிகள்.

மகளின் ரிசப்ஷனுக்கு முந்தின நாள் அது. பழைய துணி விற்கும் கடையில் யாருக்கும் தெரியாமல் நான் வாங்கிய கோட்டு, வயிற்றைத் தாண்டி மூட மறுத்துவிட்டது. யாரோ போட்டுக் கழித்த கோட்டு என்று சம்பந்திக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று எனக்கு ஒரே உதறல்.

அக்கா பதறவில்லை. "ரெண்டு கையையும் வெட்டி வயித்துக்குக் குடுத்துடலாம் சார். விலாவுல ஒட்டுப் போட்டா கையில்லாத கோட்டு. சூப்பரா இருக்கும்."

கத்தரியைத் தூக்கியவர், வெட்டுமுன் ஒரு நொடி கண்ணை மூடினார். நானும் மூடிக்கொண்டேன்.

"என்னக்கா, வேண்டுதலா?"

"பயம் சார். வெட்டிட்டா வெட்டினதுதானே."

"இத்தனை வருஷம் தைச்சுமா?"

"ஒவ்வொரு துணிக்கும் பயம்தான். சொல்றதுக்கு இன்னா வெக்கம்? கோட்டை விடுங்க சார், புடிச்சிக்கினே கீறீங்க."

மறுநாள் மேடையில் சம்பந்தி என் விலாவைத் தடவிப் பார்த்து, "பிரமாதம்! எங்க தைச்சீங்க?" என்றார். குரோம்பேட்டை அக்காவைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய கோட்டு என்பதையும் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று அந்த அக்காவைத்தான் கேட்க வேண்டும்.