சக்கரம் இருந்தால்தான் சைக்கிள்

பென்சிலை வெள்ளைத் தாளில் பட்டை பட்டையாகத் தேய்த்து, அந்தக் கரியில் விரலை அழுத்தி, விரல்மேல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் ரேகை அப்படியே வந்துவிடும். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் எங்கள் தெருவில் நான் ஒட்டி உரிக்காத விரல் மிச்சமில்லை. எல்லாம் மாமா செய்த வேலை.

எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தோடு சரி. ஆறாவதுக்குச் சாலவாக்கம் போக வேண்டும். டவுன் பஸ்ஸோ மணி அடித்த பிறகு சாவகாசமாக வரும். அண்ணனுக்குப் பள்ளியில் புது சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். பழையது கொட்டகையில் சும்மா சாய்ந்து கிடந்தது. அது எனக்கு வேண்டும் என்றேன். நைனா வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முந்திக்கொண்டு என் கையைப் பிடித்து விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு சக்கரமாவது இருக்குதா பாரு! எல்லாம் சங்கு. பொம்பளைங்களுக்கு சங்கு, ஆம்பளைங்களுக்குத்தான் சக்கரம். விரல்ல சக்கரம் இல்லாதவளுக்கு வண்டி எப்புடிடீ ஓடும்?"

ரேகை ஒரு பக்கமாக வளைந்து திரும்பினால் சங்கு, வட்டமாகச் சுழன்றால் சக்கரம். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நைனா சிரித்தார், அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! மாமா சொன்னது புளுகு என்று காட்டாமல் விடுவதில்லை என டேப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சோதனையைப் பாருங்கள், நைனாவுக்குச் சக்கரம், அண்ணனுக்குச் சக்கரம், சித்திக்குச் சங்கு. மாமா சொன்னபடியே வந்தது. பெரிய கூட்டமாக எடுத்துப் பார்த்தால் ஆண்களிடம் சக்கரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்குமாம். ஆனால் ஒரு விரலைப் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று அடித்துச் சொல்ல முடியாதாம். இது பிற்பாடு படித்தது. அன்றைக்கு எங்கே தெரியும்? விடாமல் ஒட்டினேன், உரித்தேன்.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவை இழுத்து உட்காரவைத்து, ஈரக் கையைத் துடைத்து எடுத்தேன். கட்டைவிரல், சக்கரம். ஆள்காட்டி விரல், சக்கரம். அட, பத்தும் சக்கரம்!

பாக்கி மாமாதான். கேட்டால் கையை மடக்கிக்கொண்டு நழுவுவார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுக் குறட்டை விடும்போது அமுக்கினேன். பத்தும் சங்கு. டிவிஎஸ் எக்ஸெல்லில் தெருவைக் கிழித்துக்கொண்டு போகிறவருக்கு ஒரு சக்கரம்கூட இல்லை.

அவர் எழுந்ததும் எல்லார் முன்னாலும் தாளை நீட்டினேன்.

"இன்னா மாமா, உனக்கு ஒண்ணுகூட இல்லியே? வண்டி சாவியக் குடு. இனிமே அம்மா ஓட்டட்டும்."

மாமா அசரவே இல்லை. "அடிப் போக்கிரி! ஆம்பளைக்கு இன்னா ரேகை இருந்தாலும் வண்டி ஓடும்டீ. அது வேற கணக்கு."

மறுபடியும் சிரிப்பு. இவ்வளவு பாடுபட்டு நிரூபித்தும் சைக்கிள் இல்லையா என்று அழுகை முட்டியது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏறுடீ. நான் புடிச்சிக்கினு வரேன்."

"அக்கா, வுழுந்து கைய கால ஒடச்சிக்கப் போறா."

"வுழுந்தா எழுந்துக்குவா. நீ போய்த் தூங்கு."

தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் கேரியரைப் பிடித்தபடி அம்மா ஓடி வந்தாள். நான் விழுந்தேன், முட்டியில் எச்சிலைத் தொட்டு வைத்து மறுபடி ஏற்றினாள். பள்ளி திறக்க இருந்த வாரம், பேசிக்கொண்டே மிதித்தபோது பின்னாலிருந்து பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா மதகடியிலேயே நின்றுவிட்டிருந்தாள். ஐயோ, நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்!

கூவிக்கொண்டே திரும்பி வந்தேன். அம்மா தன் பத்து விரல்களையும் முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல, நீ ஓட்டு" என்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கேரியரின் துரு ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன்.