வெட்டாத பெயர்

ஒரு நேர்முகத் தேர்வுக்காக டார்ம்ஸ்டாட்டிலிருந்து பேர்லின் போனபோது, நண்பர் சொல்லி, அங்கே நொய்கெல்ன் பகுதியில் ஓர் இலங்கைத் தமிழர் வீட்டில் ஒருநாள் தங்கினேன். அவர் ஓர் உணவகத்தில் சமையல்காரர். ஒல்லியான உடம்பு. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

தேநீர் தருவதற்கு முன்பே என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். கதவின் பின்புறம் ஒட்டியிருந்த தாளில் என் பெயர், எண், வந்த காரணம் எல்லாவற்றையும் எழுதினார். எனக்கு முன்னால் தங்கியவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. முதல் பெயரைத் தவிர மற்றதெல்லாம் கோடு போட்டு வெட்டியிருந்தது.

"ஒரு நைட்டுக்கு எதுக்குங்க இதெல்லாம்? இங்க யாரு செக் பண்ணப் போறாங்க?" என்றேன் எரிச்சலோடு.

"ஒருத்தரும் வரமாட்டினம், தெரியும் தம்பி. சண்டை நேரம் கொழும்பிலை வீட்டிலை தங்கி நிக்கிற எல்லாரையும் பொலிசிலை பதியவேணும். ஒருநாள்தானே எண்டு என்ரை சிநேகிதனைப் பதியாமல் விட்டிட்டன். அண்டைக்குக் குண்டு வெடிச்சது. பின்னேரமே ஆமி சுத்தி வளைச்சு, பதிவில்லாத ஆள் எண்டு அவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

"திரும்பி வந்தாரா?"

"முதல் பேர் அவன்ரைதான். இஞ்சை வந்துதான் எழுதினனான்."

மறுநாள் புறப்படும்போது, "போய்ச் சேர்ந்தவுடனை இந்த வீட்டுப் போனுக்கு எடுங்கோ. பிறகுதான் உங்கடை பேரை வெட்டுவன்" என்றார்.

நான் மறந்துவிட்டேன். நான்காம் நாள்தான் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்து சேர்ந்துட்டேன்ணே."

மறுமுனையில் தாளில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"நல்லது தம்பி. அப்ப நாளைக்கு நான் வேலைக்குப் போகலாம்."