சைரன் இல்லாத வீடு

எந்தக் கடைக்குள் கால் வைத்தாலும் முதலில் சைரனை ஒரு பழைய துண்டால் சுற்றிக் கட்டுவார். அப்புறம்தான் மற்ற வேலை. சோதனை போடும்போது அது வாயைத் திறந்தால் தெருவே கூடிவிடும். துண்டுக்குள் குமுறுகிற பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "சரிடா, கேட்டுச்சுடா, ஏன் இப்படிக் கத்துற?" என்பார். திருட்டு அலாரம் பொருத்துகிற இந்தப் பெண்மணியைக் கடைக்காரர்கள் சைரன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிடம் யோசிப்பார் போலிருக்கிறது.

யார் வீட்டுக்குப் போனாலும் கூடத்து அழகெல்லாம் அவர் கண்ணில் படாது. கதவு நிலையின் மேல்மூலையைப் பார்ப்பார், ஜன்னல் இடுக்கைப் பார்ப்பார். ஒயரின் தோலைக் கடித்து உரித்தே முன்பல் ஒன்று தேய்ந்துவிட்டது. கத்தரி எதற்கு இருக்கிறது என்று கேட்டால், "அதைத் தேடுறதுக்குள்ள வேலையே முடிஞ்சிடும்" என்பார். யாரோ தாறுமாறாக இழுத்துவிட்ட ஒயர்களைப் பார்த்தால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "இது பேனலா, குருவிக்கூடா?"

பேனல் என்பது ஒயர்களெல்லாம் வந்து சேருகிற இரும்புப் பெட்டி. சத்தம் பெரிதாக இருந்தால் போதும் என்பவர்களை அக்கா விடமாட்டார். "கதவு திறந்தா பேனலுக்குத் தெரியும். அதை யாருகிட்ட, எப்படிச் சொல்லணும்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும். சத்தமோ, விளக்கோ, போனோ, எது வேணா மாட்டலாம்."

அவர் வீட்டில் மாட்டியிருப்பது விளக்கு. அப்பாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. என்றோ ஓய்வு பெற்ற அலுவலகத்துக்குக் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். முதலில் சைரன்தான் வைத்தார்கள். அது அலறியதில் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலடியில் புகுந்துவிட்டார். அன்றே அதைக் கழற்றி எறிந்து, பேனலில் அது இருந்த அதே முனையிலிருந்து மாடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஒயர் இழுத்து, அண்ணியின் சமையலறையில் ஒரு மஞ்சள் விளக்கை வைத்தார் அக்கா. அது எரிந்தால் அண்ணி மேலிருந்தே, "மாமா, குடை எடுத்துக்கலையா?" என்று கேட்பார். பெரியவர் குடையைத் தேடி உள்ளே போவார். போன இடத்தில் ஆபீஸ் மறந்துவிடும்.

பூட்டு மட்டும் கூடாது என்பதில் அக்கா பிடிவாதம். ஒருமுறை பூட்டியபோது பெரியவர் கதவருகே நின்று, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன வாரம், வாசல் கதவு திறந்ததைப் பேனலுக்குச் சொல்லும் காந்த சுவிட்ச் ஆட்டம் கண்டது. மாற்றும்வரை அண்ணியின் விளக்கு வீணாக எரிய வேண்டாமே என்று, பேனலில் கதவு ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகினார். அது இருக்கும்வரை கதவு மூடியே கிடப்பதாகப் பேனல் நம்பிக்கொண்டிருக்கும். சுவிட்சை மாற்றி முடிக்கவும், ஒரு மருந்துக்கடையில் சைரன் நிற்கவில்லை என்று போன் வரவும் சரியாக இருந்தது. ஓடினார். ரெசிஸ்டர் போட்ட இடத்திலேயே இருந்தது.

அண்ணன் அப்பாவைக் கண்டுபிடித்தது பெரிய சாலையின் நடுவில், லாரிகளுக்கிடையே, ஒற்றைச் செருப்போடு. அக்கா வந்து சேர்வதற்குள் வாசல் கதவில் வெளிப்பக்கமாகக் கொண்டி அடித்துவிட்டார். கையில் புதுப் பூட்டு.

"நான் அடுப்படியை விட்டு நகரவே இல்ல. விளக்கு எரியவே இல்லம்மா" என்று அண்ணி அழுதார்.

பெட்டியைத் திறந்து பார்த்த அக்காவின் முகம் செத்துவிட்டது. ஒயர் பழுது என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். "ஒயர் மேல தப்பில்லண்ணா. நான்தான் நடுவுல போட்டதை எடுக்காம ஓடிட்டேன்."

"அப்ப இன்னொரு நாளும் மறப்ப. உன் விளக்கை நம்பி அப்பாவை விட முடியாது" என்றார் அண்ணன். உள்ளே அப்பா இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு, கதவு ஒயரைச் சொருகித் திருகினார். அண்ணியை மாடிக்கு அனுப்பிவிட்டு வாசல் கதவைத் திறந்தார். "எரியுது, எரியுது" என்று மேலிருந்து குரல் வந்தது. பிறகு அண்ணன் கையிலிருந்த பூட்டை வாங்கி, பேனல் பெட்டியின் வளையத்தில் மாட்டி அழுத்தினார். "இனிமே இதைத் திறக்கணும்னா நான் உன்கிட்டதாண்ணா வரணும்" என்று சாவியை அண்ணனின் சட்டைப்பையில் போட்டார்.