குவைத் மாமாவும் பங்களிப்பாளர் விதிகளும்

சித்தூரில் பிறந்த பிளெஸ்ஸி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமானபின் திருச்சானூருக்குக் குடிவந்தவள். சபை ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்ட ஒரு மென்பொருள் எழுதி, இணையத்தில் இலவசமாக வைத்திருந்தாள். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். பிரேசிலிலிருந்துகூட ஒருவர் அனுப்பினார்.

தொல்லை கொடுத்தவர் சொந்தத் தாய்மாமன் ஜாபேஸ்தான். குவைத்தில் கிரேன் ஓட்டுபவர். அறையில் உடன் தங்கியவனிடம் கொஞ்சம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். மாமா ஆயிற்றே என்று, திருத்தங்களை நேரடியாகச் சேர்க்கும் உரிமையைப் பிளெஸ்ஸி கொடுத்துவிட்டாள். ஒருநாள் திரை முழுக்க ரோஸ் கலரானது. அத்தைக்கு ரோஸ் பிடிக்குமாம். எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரி, ‘கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக, இப்படிக்கு ஜாபேஸ், சித்தூர்.’ ஜாபேஸ் என்பது கம்பெனியா என்று பிரேசில்காரர் கேட்டார்.

மாமாவிடம் நேரடியாகச் சொல்ல வாய் வரவில்லை. அவர் அனுப்பிய லேப்டாப்பில் படித்தவள் அவள். அதனால் பொதுவாக விதிகள் எழுதிப் போட்டாள். கேட்காமல் கலர் மாற்றக் கூடாது. நிரலுக்குள் ஆசீர்வாதம் எழுதக் கூடாது. சோதித்துப் பார்த்த விவரம் இல்லாமல் எதையும் சேர்க்க மாட்டோம்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் போகும்போது போன் வந்தது.

“படிச்சேம்மா, சூப்பரா கீது. எவனோ ஒருத்தன் உன்னை ரொம்பப் படுத்திகினு கீறான் போல. யாரு அவன்?”

“சும்மா... பொதுவா எழுதினது மாமா.”

“நீ பயப்படாத. இனிமே நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். தம் ஆசீர்வாதங்களைத் தாமே அழித்தார். பிரேசில்காரர் அனுப்பியதை, விளக்கம் போதாதென்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, திருப்பதி சபையில் தெலுங்குப் பாட்டுகளின் கடைசி அடி திரையில் வரவில்லை. பிளெஸ்ஸி அவசரமாகச் சரிசெய்து சேர்த்தாள். மாமா உடனே அதை நீக்கிவிட்டார்: ‘சோதித்த விவரம் இல்லை.’

“மாமா, இது நான் எழுதின சாஃப்ட்வேர்!”

“இருக்கட்டும்மா. உனக்கு ஒரு சட்டம், பிரேசில்காரனுக்கு ஒரு சட்டமா? அவன் இன்னா நெனப்பான்?”

பல்லைக் கடித்துக்கொண்டு சோதித்தாள். தெலுங்குக் கடைசி அடி வந்தது. தமிழ்ப் பாட்டுகளில் பல்லவியைக் காணோம். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி உட்கார்ந்து திருத்தி, விவரமெல்லாம் எழுதி அனுப்பினாள்.

மாமா ஏற்றுக்கொண்டார், எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு.