பாலைவனத்துச் சம்பந்தி

திட்டினால் புரியாத மருமகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? செலியமேட்டிலிருந்து கிளம்பி, ரயில் மாறி ரயில் ஏறி, ஜெய்சல்மேரில் இறங்கும்வரை என் மண்டையில் ஓடியது இந்த ஒரு கேள்விதான். அங்கே காற்றாலை கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன், அந்த ஊர்ப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "நேர்ல வந்து பாரும்மா, அப்பறம் வேணாம்னு சொல்லு" என்றான். சரி, நேரிலேயே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

இதற்குமேல் மணல்தான், ஊர் கிடையாது என்கிற இடத்தில் ரயில் நின்றது. மகன் வந்து அழைத்துக்கொண்டு போனான். வீடு, கடை, கோட்டை எல்லாமே மஞ்சள் கல். கோட்டை வாசலில் ஒருவன் என் வீட்டுக்காரர் தலையில் ஒரு புடவை நீளத் துணியைச் சுற்றித் தலைப்பாகை கட்டிவிட்டான். கரும்பு வெட்டும்போது துண்டைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனுஷன், இதைக் கழற்றவே மாட்டேன் என்றார்.

"ராஜா மாரி கீறேன்ல?"

"பொய்க்கால் குதிரை ஆடறவன் மாரி கீறீங்க. நடங்க."

பெண் வீடு ஊரின் ஓரத்தில் இருந்தது. எங்களை வரவேற்க வாசலில் ஒரு பாட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்து விசேஷங்களுக்குப் பாடுகிறவராம். எங்கள் ஊரில் விசேஷம் என்றால் ஸ்பீக்கர் செட்டுக்காரன் வந்து காதைக் கிழிப்பான். இவர் குரல் நன்றாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாசல் பக்கத்தில் மண்பானை நிறையத் தண்ணீர், மேலே ஒரு சொம்பு. பயணம் போய் வந்த காலைக் கழுவாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நான் கழுவினேன். என் வீட்டுக்காரர் கழுவினார், மூஞ்சியும் கழுவினார், வாயும் கொப்புளித்தார். புழுதி சரியாகப் போகவில்லை என்று நான் இன்னொரு தடவை கழுவினேன். நிமிர்ந்தால், பாட்டு நின்றிருந்தது.

"இன்னாடா ஆச்சி?" என்றேன் மகனிடம்.

"யம்மா, அது குடிக்கிற தண்ணிம்மா. இனிமே நாளான்னிக்குத்தான் லாரி வரும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார். நாங்கள் நின்ற இடத்து ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் முகம் மறையக் கழுத்துவரை முக்காடு போட்டபடி வந்து, இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு தூரத்துக் கிணற்றுக்கு உச்சி வெயிலில் இறங்கி நடந்தாள். அவள்தான் பெண் என்றான் மகன். பெண் பார்க்க அவ்வளவு தூரம் போய், முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தோம்.

கம்பு ரொட்டியும் சுள்ளி மாதிரி ஏதோ ஒரு காயும் போட்டார்கள். விக்கல் எடுத்தது. தண்ணீர் கேட்க வாய் வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பெண்ணின் அப்பா பேச ஆரம்பித்தார். தூரம் அதிகம், பாஷை வேறு, எங்கள் பெண்ணுக்குச் சோறு ஒத்துக்கொள்ளாது. மொழிபெயர்க்க மொழிபெயர்க்க என் மகனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கோ குளுகுளுவென்று இருந்தது. நான் சொல்லவேண்டியதையெல்லாம் அந்த மனிதரே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் திரும்பி வந்தாள். முக்காடு வியர்வையில் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அதுவரை வாயே திறக்காத அவள் அம்மா, மகள் தலையிலிருந்த குடங்களை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"நம்ம வூட்ல தண்ணி யாரு எடுத்தாறதுன்னு கேக்குறாங்கம்மா."

"யாரும் போறதில்ல. கொல்லையில போர் கீது, சுவிட்சு போட்டா வரும்னு சொல்லு."

"வெயில் காலத்துலயுமான்னு கேக்குறாங்க."

உண்மையைச் சொல்ல நல்ல சமயம். சித்திரை பிறந்தால் எங்கள் போர் பாதி நாள் காற்றைத்தான் கக்கும். வருகிற தண்ணீரும் உப்புக் கரிக்கும். குடிக்கத் தவளக்குப்பத்திலிருந்து கேன் வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வருகிறோம். இதை ஒரு வரி சொன்னால் போதும், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நான் வந்த வேலையும் முடிந்துவிடும்.

அந்த அம்மா முக்காட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். உச்சந்தலையில், குடம் உட்கார்ந்து உட்கார்ந்து, முடியே இல்லை.

"வெயில் காலத்துலயும் வரும்னு சொல்லுடா. எத்தினி கொடம் வேணும்னாலும் வரும்னு சொல்லு."

என் மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சொன்னான். அந்த அம்மா புருஷனிடம் ஏதோ கறாராகச் சொல்லிவிட்டு, உள்ளே ஓடி ஒரு வெல்லத்துண்டைக் கொண்டுவந்து என் வாயில் திணித்தாள். பொய் சொன்ன வாய் என்பது அவளுக்குத் தெரியாது.