அவர் விளக்கேற்றும் நாட்கள்

எங்கள் வீட்டில் மாதவிடாய்க்கு ஒரே ஓர் அறிவிப்புத்தான். "இஞ்சேருங்கோ, இண்டைக்கு நீங்கள் விளக்கை ஏத்துங்கோ." அந்த நாட்களில் நான் சாமியறைக்குள் போவதில்லை. அம்மா பழக்கிய பழக்கம், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கும் என்னோடு ஏறி வந்துவிட்டது. பிள்ளையில்லாத எங்களுக்கு அந்த வரி இன்னொன்றையும் சொல்லும்: இந்த மாதமும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கமாட்டார். முகம் கொஞ்சம் வாடும். பிறகு தீப்பெட்டியைத் தேடுவார். இத்தனை வருடத்தில் அது எங்கே இருக்கிறது என்று மனுசன் பழகவேயில்லை.

போன வருடம், என் நாற்பத்தெட்டாவது வயதில், மாதக்கணக்காக விளக்கேற்ற அவருக்கு அழைப்பே போகவில்லை. உடம்பு திடீரெனக் கொதிக்கும், வியர்த்து ஊற்றும். காரணமில்லாமல் எரிந்து விழுவேன். எனக்கு விஷயம் விளங்கியது. அவருக்கு வேறு விதமாக விளங்கியிருக்கிறது.

முதலில் என் கையிலிருந்த அரிசிப் பையைப் பிடுங்கினார். "நீர் தூக்காதையும்." பிறகு மார்க்கெட்டிலிருந்து மாங்காய் வந்தது, செவ்விளநீர் வந்தது. பென்ஷன் எடுக்கப்போகிற வயதில் இவருக்குக் காதல் வந்துவிட்டது என்று நானும் வாயை மூடிக்கொண்டு அனுபவித்தேன். ஒருநாள் தன் தங்கச்சியோடு போனில் மெதுவாகக் கதைப்பது காதில் விழுந்தது. "இன்னும் ஒருத்தருக்கும் சொல்லாதை. அவவே சொல்லட்டும்."

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது, ஏனென்றால் அந்த நிமிடம் எனக்கும் ஒரு நப்பாசை. அடுத்த நாளே லேடி டாக்டரிடம் போனேன். சோதித்துவிட்டு அவ சொன்னா: "பிள்ளை இல்லையம்மா. நிக்கப்போற காலம் இது. ஒரு வருசம் முழுக்க வராட்டித்தான் நிண்டதெண்டு சொல்லலாம், அதுவரைக்கும் இடைக்கிடை வரும். ஆனா இந்த வயசில கரு தங்கிறது சரியான குறைவு."

வீட்டுக்கு வந்தால், அவர் மாங்காய்த் துண்டுகளுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிக்கொண்டிருக்கிறார். எப்படிச் சொல்வது? வாயில் வந்தது பழைய வரிதான்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு நீங்கள் விளக்கை ஏத்துங்கோ."

கை நின்றது. முகம் அதே மாதிரி வாடியது. "வந்திட்டுதோ?" என்று முதல்முறையாகக் கேட்டார்.

"இல்லை. எனக்கு நிக்கப் போகுதாம். டாக்டரிட்டப் போயிட்டு வாறன். பிள்ளை இல்லை."

அவர் மாங்காய்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அப்ப இனி என்ர முறை வராதோ?"

"வரும். எனக்கு வந்தாலும் வராட்டிலும், இனி ஒருநாள் நீங்கள், ஒருநாள் நான்."

எழும்பிக் கைகழுவிக்கொண்டு போனார். பிறகு சாமியறையிலிருந்து குரல் வந்தது.

"தீப்பெட்டி எங்கையப்பா?"

எடுத்துக்கொண்டு நானும் உள்ளே போனேன்.