கோட்டை விழுந்ததற்குப் பிறகு

என் மகளின் பேச்சுக்குப் பூச்சியம் போட வைத்தது நீங்கள்தான். ஒஸ்லோவில் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்த தமிழ்ப் பள்ளிக்கு அப்போது தலைவராக இருந்தவரைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் விட்டுவந்த ஊரில் போர் மறுபடி தொடங்கியிருந்த மாரிகாலம் அது. பேச்சுப்போட்டி என்றால் பெற்றோர் எழுதுவோம், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். என் மகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. பதின்மூன்று வயது. எங்கள் ஸ்டோவ்னர் பகுதி நூலகத்தில் எடுத்த புத்தகத்தை வைத்துச் செரோக்கி மக்களைப் பற்றித் தானே எழுதினாள். அமெரிக்காவின் பூர்வகுடிகள். பிரெஞ்சுக்காரருக்கு எதிராகப் பிரித்தானியரோடு நின்று போரிட்டவர்கள். வீடு திரும்பும் வழியில் வெள்ளைக் குடியேறிகள் அவர்களில் சிலரைக் கொன்றார்கள். செரோக்கியர் பழிவாங்கினார்கள். சமாதானம் பேசப் போன செரோக்கித் தலைவர்களைப் பிரித்தானிய ஆளுநர் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். அங்கேயே படையினர் அவர்களைக் கொன்றார்கள். பிறகு செரோக்கியர் இன்னொரு பிரித்தானியக் கோட்டையைச் சுற்றி வளைத்து, பட்டினி போட்டு விழுத்தினார்கள். அடுத்த வருடம் பிரித்தானியப் பெரும்படை வந்து ஊர்களையும் சோளத்தையும் எரித்தது. சனம் மலைக்கு ஓடிப் பசியில் கிடந்தது.

தாளை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த நீங்கள், கடைசிப் பந்தியைச் சிவப்புப் பேனையால் வெட்டினீர்கள்.

"கோட்டை விழுந்ததோட நிப்பாட்டுங்கோ அண்ணை. சனம் கை தட்டும்."

"பிறகு நடந்ததை ஆர் சொல்லுறது?"

"ஏன், ஊரில சண்டை நடக்கிற நேரம் தோத்த கதை சொல்லித்தான் உங்கட பிள்ளை பரிசு எடுக்கோணுமே?"

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மகளிடம் சொன்னேன்.

"இது யுக்ஸ், அப்பா," என்றாள். பரீட்சையில் கள்ளம் செய்வதற்கு அவளுடைய பள்ளியில் சொல்லும் சொல். "நீங்களும் பயந்திட்டீங்களோ?"

மேடையில் அவள் கோட்டையோடு நிற்கவில்லை. சோளம் எரிந்த இடத்தில் நீங்கள் மணியடித்தீர்கள். இன்னும் ஒரு நிமிடம் இருந்தது, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் குரலை உயர்த்திப் பேசி முடித்தாள். வெட்டிய பந்தியைப் பேசினாள் என்று நடுவர்களைப் பூச்சியம் போட வைத்தீர்கள். ஒருவரும் கை தட்டவில்லை. நானும் தட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் தமிழ் வகுப்புக்கு எழும்பவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. இன்று நான் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில்தான் பதில் வருகிறது.

என் கோழைத்தனத்தை எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் முன்வரிசையில்தானே இருக்கிறீர்கள். எழும்பி ஒலிவாங்கியை வாங்குங்கள். பெற்றோர் எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள்: அந்தப் பிள்ளை சொன்னதில் எது பொய்?